முரளிதரன் எதற்குச் சான்று?

மலையக மக்களின் பின்னடைவு பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் ஒரு பெயர் எடுத்து வீசப்படுவதைக் காண்கிறோம். "முரளிதரன் எங்கிருந்து வந்தார்? அவரும் தோட்டத் தொழிலாளி ஒருவரின் பேரன்தானே? முயன்றார், உயர்ந்தார். மற்றவர்களும் முயன்றால் உயரலாமே" என்பது அவ்வாதத்தின் சாரம். பரிசளிப்பு விழா மேடைகளில் இது கேட்கிறது. தேநீர் வேளையில் நடைபெறும் உரையாடல்களில் கேட்கிறது. எமது விரிவுரை மண்டபங்களின் வாயில்களிலும் சிலவேளை கேட்கிறது. கேட்போர் தலையசைக்கின்றனர். தோட்டத்திலிருந்து வந்த மாணவன் வாய்மூடி நிற்கிறான். மறுமொழி கூறினால், ஒரு பெருவீரனைச் சிறுமைப்படுத்தியவன் ஆகிவிடுவானோ என்ற அச்சம் அவனுக்கு.

அந்த மறுமொழியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். முத்தையா முரளிதரனின் பெருமைக்கு இதனால் ஒரு குறைவும் நேரப்போவதில்லை. 1992 ஆகஸ்டில் கொழும்பு கெத்தாராமையில் அவுஸ்திரேலிய அணிக்கெதிராக முதன்முதலில் டெஸ்ட் போட்டியொன்றில் ஆடியவர், 2010 ஜூலை 22ஆம் நாள் காலியில், தமது இறுதி டெஸ்ட் போட்டியின் இறுதி விக்கெட்டாக, 800ஆவது விக்கெட்டை வீழ்த்திவிட்டு வெளியேறினார். 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள். ஒருநாள் போட்டிகளில் 534. இவ்விரு எண்களையும் இதுவரை எவரும் கடக்கவில்லை. 1998இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கெதிராக ஒரே போட்டியில் அவர் வீழ்த்திய 16 விக்கெட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அவரது ஆற்றல் பற்றி விவாதிக்க ஏதுமில்லை. எமது வினா வேறு. இவ்வாழ்க்கை வரலாறு எதற்குச் சான்று என்பதே அது.

வரலாற்றை முறையாகவே பார்ப்போம். முரளிதரனின் பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்காக இலங்கை வந்தவர். பின்னர் அவர் தாயகம் திரும்பினார். ஆண்மக்கள் இங்கேயே நிலைகொண்டனர். முரளிதரனின் தந்தையார் முத்தையா, கண்டியை அடுத்து பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். 1972 ஏப்ரலில் முரளிதரன் கண்டியிற் பிறந்தபோது அக்குடும்பம் தோட்டத்தை விட்டு நீங்கி நெடுநாளாகிவிட்டது. லயத்தின் ஒற்றை அறையோ, பெரட்டுக் களமோ, துரையின் துண்டுச் சீட்டோ அவரது இளமையை ஆளவில்லை. அவர் கற்றது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். நீண்ட கிரிக்கெட் மரபுடைய கல்லூரி அது. புல்வெளி மைதானம், தோல் பந்து, பயிற்சி வலை, பயிற்றுநர், ஆண்டுதோறும் பிற கல்லூரிகளுடன் ஒழுங்குசெய்யப்பட்ட போட்டிகள் அனைத்தும் அங்கே இருந்தன.

தொடக்கத்தில் முரளிதரன் மித வேகப் பந்துவீச்சாளர். பதினான்கு வயதளவில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ அவரைச் சுழற்பந்துக்கு மாறும்படி அறிவுறுத்தினார். உலகக் கிரிக்கெட்டின் போக்கை மாற்றிய ஆலோசனை அது. ஆனால் அதைச் சொல்வதற்கு ஒருவர் அங்கே இருக்க வேண்டியிருந்தது. பிற்பகல் தோறும் வலைக்கருகே நின்று ஒரு சிறுவனின் மணிக்கட்டைக் கூர்ந்து நோக்கும் கடமையுடைய ஒருவரை அக்கல்லூரி வைத்திருந்தது. ஐந்தாண்டு கழிந்து, 1990–91 பருவத்தில் ஆண்டின் சிறந்த பாடசாலை வீரராக அவர் தெரிவுசெய்யப்பட்டபோது, அந்த மாணவனைக் கண்டெடுக்கக் காத்திருந்த கழகமும் தேர்வாளரும் கொழும்பில் இருந்தனர். தமிழ் யூனியன் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. கல்லூரி, கழகம், தேசிய அணி என்ற ஏணியின் ஒவ்வொரு படியும் அதனதன் இடத்தில் இருந்தது. ஏறியவர் அவர்தான். படிகளை அவர் செய்யவில்லை.

இப்பொழுது அதே 1972இல் அட்டனுக்கு அப்பால், மஸ்கெலியாப் பக்கமாகவோ பொகவந்தலாவைப் பக்கமாகவோ, ஒரு தோட்ட லயத்திற் பிறந்த பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அவனுக்கும் அதே வளையும் மணிக்கட்டு வாய்த்திருக்கலாம். அவன் சென்றது தோட்டப் பாடசாலை. பெரும்பாலும் ஒரே மண்டபம். ஒருவரோ இருவரோ ஆசிரியர். ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பெருமளவிற் பொறுப்பேற்கத் தொடங்கியதே எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் பின்னர்தான். அதுமட்டுமா? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவனது பெற்றோர் நாடற்றவராக்கப்பட்டிருந்தால் அவனும் நாடற்றவனே. 1964இல் இரு பிரதமர்கள் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரின் விதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் வருகையில் நாம் கூறும் சிறுவனுக்குப் பதினாறு வயது. பெற்றோர் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு இங்கேயே தங்கிய குடும்பமாயின் 2003ஆம் ஆண்டுவரை காத்திருந்திருக்க வேண்டும், அப்போது முப்பத்தொன்று. நாட்டின் பெயரால் ஆடுவதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். நாடில்லாதவனுக்குக் கடவுச்சீட்டு ஏது?

முரளிதரனின் குடும்பம் இன்னல் எதையும் அறியாதது என்று நாம் கூறவரவில்லை. 1977 ஆகஸ்ட் வன்செயலில் அவர்களது தொழிற்சாலையும் தீக்கிரையானது, தந்தையார் தாக்கப்பட்டார். இதனை முரளிதரனே பகிரங்கமாகக் கூறியிருக்கிறார். ஆயினும் அவ்வன்செயலின் பின் என்ன நிகழ்ந்தது என்பதையும் ஒப்பிட வேண்டும். அக்குடும்பம் மீண்டும் தொழிலைக் கட்டியெழுப்பியது. மகன் கல்லூரிக்குச் சென்றான். அதே வன்செயலில் அடிபட்ட தோட்ட மக்களில் ஆயிரக்கணக்கானோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிப்போய்க் காடுவெட்டிக் குடியேறினர். தீ ஒன்றே. சாம்பலிலிருந்து மீள எழுவதற்கான முதல் இருதரப்பாரிடமும் ஒரே அளவில் இருக்கவில்லை.

பின்னும் ஒன்று. 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயர், முரளிதரனின் பந்தை ஏழுமுறை முறையற்ற பந்தென அறிவித்தார். ஓர் இளைஞனின் வாழ்வை அத்துடன் முடித்துவிடக்கூடிய அறிவிப்பு. 1999 ஜனவரியில் அடிலெய்டில் ரொஸ் எமர்சன் மீண்டும் அவ்வாறே அறிவித்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க வீரர்களைக் களத்தின் எல்லைவரை அழைத்துச் சென்று நின்றார். இடைப்பட்ட காலத்தில் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் உடலியக்க அறிஞர்கள் அவரது கையை அளந்தனர்; பிறவியிலேயே வளைந்த முழங்கை அது என்றும், கண்ணுக்குத் தோன்றும் எறிதல் ஒரு தோற்ற மயக்கமே என்றும் கண்டனர். இறுதியில், 2005இல், சர்வதேச கிரிக்கெட் சபை எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை என்ற பொது வரம்பை வகுத்தது. இவ்வரலாற்றைத் தனியொருவனின் மனவுறுதிக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். மனவுறுதி இருந்தது, மெய்யே. ஆனால் தலைவர் ஒருவர் அவருக்காக நின்றார், கட்டுப்பாட்டுச் சபை ஒன்று நின்றது, பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் திறந்தன. குற்றஞ்சாட்டப்பட்ட தொழிலாளியின் மகனுக்காக இவ்வளவு கதவுகள் திறந்த வரலாறு மலையகத்தில் எத்தனை உண்டு?

ஆக, இவ்வாழ்க்கை வரலாறு காட்டுவது யாது? தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் வெளியேறி, சிறிது முதலைத் திரட்டி, நகரத்தின் நல்ல கல்லூரிவரை பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தபின், அப்பிள்ளையின் திறமை உலகை வெல்லலாம் என்பதைக் காட்டுகிறது. தோட்டத்துக்குள் இருந்துகொண்டே முயன்றால் உயரலாம் என்பதற்கு இது சான்றாகாது. உண்மையில் எதிர்த்தரப்புக்கே இது சாதகம்: அதே இரத்தம், அதே வம்சம், தோட்டத்து வேலியைத் தாண்டியதும் இவ்வாறு மலருமாயின், குறை இரத்தத்தில் இல்லை, வேலியில் உள்ளது என்றல்லவா கொள்ளவேண்டும்!

இதனைக் கிரிக்கெட்டோடு நிறுத்திவிட்டால், "அது செல்வரின் விளையாட்டு, அப்படித்தான் இருக்கும்" என்று ஒருவர் கூறலாம். ஆகவே ஏழைகளின் விளையாட்டெனப் பெயர்பெற்ற உதைபந்தாட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம். மட்டையும் காலுறையும் வேண்டா. தேயிலை மலையின் சரிவில், கொழுந்து மடுவத்துக்கு முன்னால் கிடைக்கும் ஒரு துண்டு வெளியிலும் ஆடலாம். இத்தாலியில் இவ்விளையாட்டு எவ்வாறு மனிதரை உருவாக்குகிறது என்பதை நோக்கினால் எமது வாதம் மேலும் தெளிவுறும்.

2006ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை இத்தாலி வென்றபோது அவ்வணியின் மத்திய களத்தில் இருவர் அருகருகே ஆடினர். ஒருவர் அன்ட்ரியா பிர்லோ. வடக்கே ப்ரெஸ்சியாப் பகுதியில் உருக்கு வணிகம் செய்த வசதியான குடும்பத்தின் மகன். மற்றவர் ஜெனாரோ கட்டூசோ. தெற்கே வறுமைக்கும் புலம்பெயர்வுக்கும் பெயர்போன கலாப்ரியாவின் கடலோர ஊரொன்றில் 1978இல் பிறந்த தச்சரின் மகன். பிர்லோ பந்தை ஏந்தி ஆட்டத்தை வகுத்தார். கட்டூசோவின் வேலை எதிரியிடமிருந்து பந்தைப் பறித்து அவரிடம் கொடுப்பது. மைதானமெங்கும் ஓடினார், மோதினார், விழுந்தார், எழுந்தார். கோல் அடித்தோர் பட்டியலில் அவர் பெயர் அரிதாகவே காணப்படும். மற்றொருவன் கையில் அழகாகத் தோன்றும் பொருளின் பின்னால் எவருடைய வியர்வை உள்ளது என்பதைத் தேயிலை நாட்டவருக்கு விளக்க வேண்டியதில்லை.

எமக்கு வேண்டிய செய்தி இது: செல்வர் மகனும் தச்சர் மகனும் ஒரே களத்தில் வந்து நிற்க முடிந்தது எவ்வாறு? பிர்லோவை ப்ரெஸ்சியாக் கழகத்தின் இளையோர் பிரிவு வளர்த்தது. பதினாறு வயதில் முதற்பிரிவு ஆட்டத்தில் இறக்கியது. கட்டூசோவைப் பன்னிரண்டு வயதிலேயே பல நூறு கிலோமீற்றர் வடக்கேயுள்ள பெருஜியாக் கழகம் தன் இளையோர் பிரிவில் சேர்த்துக்கொண்டது. கழகம் தங்க இடமும் பயிற்சியும் தந்தது. பத்தொன்பது வயதில் அவர் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் கழகத்துக்குப் போனார். 1999இல் மிலானுக்கு வந்து 2012வரை அங்கேயே ஆடினார். 2003இலும் 2007இலும் ஐரோப்பியக் கிண்ணம். நாட்டுக்காக 73 போட்டிகள். இவரைக் காட்டி இத்தாலியர் எவரேனும், "கலாப்ரியாவின் மற்றப் பிள்ளைகள் சோம்பேறிகள்" என்று கூறினால் அவரை நாம் அறிவிலி என்போம். அதே கூற்றை முரளிதரனைக் காட்டி ஒருவர் கூறும்போது மட்டும் கைதட்டுகிறோம்.

இத்தாலியின் கதையில் எம்மவர் கருத்தூன்ற வேண்டிய இன்னொரு பகுதியும் உண்டு. அதிகம் பேசப்படாதது. நெடுங்காலமாக அந்நாட்டு வீரர்கள் கழகத்தோடு பிணைக்கப்பட்டிருந்தனர். ஒருமுறை கையொப்பமிட்டவனைக் கழகம் விரும்பினால் விற்கும், விரும்பாவிட்டால் வைத்திருக்கும். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் கழகத்தின் இசைவின்றி அவன் வேறிடம் செல்ல முடியாது. இதனை எதிர்த்து 1968இல் மிலான் நகரில் வீரர் சங்கமொன்று தோன்றியது. முன்னாள் வீரரும் சட்டத்தரணியுமான செர்ஜியோ கம்பானா அதன் தலைவர். அச்சங்கத்தைத் தொடங்கியோருள் அந்நாளின் புகழ்மிகு மத்தியகள வீரர் ஜியானி ரிவேராவும் ஒருவர். புகையிரதத் தொழிலாளி ஒருவரின் மகனாகிய இவர், மறு ஆண்டு, 1969இல், ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தைப் பெற்றார். தமக்கு எல்லாம் கிடைத்திருந்த வேளையிலும், எதுவும் கிடைக்காத மூன்றாம் பிரிவு வீரனுடன் ஒரே சங்கத்தில் அவர் அமர்ந்தார். 1981ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டம் அப்பிணைப்பைப் படிப்படியாக நீக்கியது.

பிணைப்பு என்றவுடன் எமக்கு எது நினைவுக்கு வரவேண்டும்? துண்டு முறை. கங்காணிக்குத் தொழிலாளி பட்ட கடனைத் துண்டில் எழுதி, அக்கடனைத் தீர்ப்பவனே அவனைப் பெற்றுக்கொள்ளலாம் என்றிருந்த முறை. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அதனை ஒழித்தது. முரளிதரனின் பாட்டனார் கப்பலேறி வந்தது அதற்கு முந்தைய ஆண்டில். ஒரு தொழிலாளி தோட்டத்தை விட்டு நீங்குவதே குற்றமாக எண்ணப்பட்ட காலத்தின் விளிம்பில் வந்த ஒருவரது பிள்ளைகள் நீங்க முடிந்ததும், பேரன் உலகறிய முடிந்ததும் ஒரே வரலாற்றின் இரு முனைகள். நடுவிலிருக்கும் இப்பகுதியை வெட்டியெறிந்துவிட்டு, இரு முனைகளை மட்டும் முடிச்சிட்டுக் காட்டுவோரை நாம் எவ்வாறு நம்புவது?

2020இல் முரளிதரனின் வாழ்க்கையைத் திரைப்படமாக்கும் முயற்சி தமிழ்நாட்டில் பெரும் சர்ச்சைக்குள்ளானதையும், நடிக்கவிருந்த விஜய் சேதுபதி விலகிக்கொண்டதையும் வாசகர் அறிவர். படம் வேறொரு நடிகருடன் 2023இல் வெளிவந்தது. அவரது அரசியற் கூற்றுகள் பற்றி அப்போது இரு தரப்பாரும் மை சிந்தினர். கண்டனத்துக்குரியவை கண்டிக்கப்படட்டும்; அதுபற்றி இங்கே எமக்கு வழக்கில்லை. ஆனால் அத்தனை எழுத்திலும் மலையகம் என்ற சொல் ஓர் அடைமொழியாகவே வந்துபோனது. ஒருவருக்கு அவர் துரோகி, மற்றவருக்கு அவர் வெற்றித் திருவுரு. லயத்துச் சிறுவன் இருவருக்கும் தேவைப்படவில்லை.

"சோற்றுக்கே வழியில்லாத இடத்தில் விளையாட்டைப் பற்றி என்ன பேச்சு?" என்று எம் பக்கத்து நண்பர்களே கேட்பர். நாட்சம்பளம் 1000 ரூபாயாக வேண்டும் என்ற ஒரேயொரு கோரிக்கை, பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இல்தான் சம்பள நிர்ணய சபையூடாக நிறைவேறியது என்பதை அறிவோம். சங்கங்களின் வலுவெல்லாம் அப்போரிலேயே கரைந்தது என்பதையும் அறிவோம். எனினும் ஓய்வும் விளையாட்டும் சோற்றுக்குப் பிந்திய ஆடம்பரம் என்ற கருத்து தொழிலாளியின் கருத்தன்று, துரையின் கருத்து. கொழுந்து நிறுவைக்குக் குறைந்தால் அரைப்பேர் போடுபவனுக்கே தொழிலாளியின் மகன் பந்தின் பின்னால் ஓடும் நேரம் வீண்நேரமாகத் தெரியும். தன் பிள்ளைகளுக்கு அவன் அவ்வாறு ஒருபோதும் கூறியதில்லை. சங்கத் தலைவர்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்குச் செல்லும்போது, மைதானத்தையும் பயிற்றுநரையும் கோரிக்கைத் தாளின் கடைசி வரியிலேனும் எழுதியிருக்கலாம். தேர்தற் காலத்தில் கரப்பந்தும் வலையும் பகிர்ந்தளிப்பதை விளையாட்டு அபிவிருத்தி என்று கூறுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

இறுதியாக நிலம் பற்றிய வாதம். மலைச்சரிவில் சமநிலம் இல்லை, இருப்பதும் கம்பனிக்குரியது, ஆகவே மைதானம் அமைக்க இயலாது என்பர். சட்டமும் இதற்குத் துணைநின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்கு நீண்டகாலம் தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை, அதே மக்களின் லயத்துக்கு ஒரு பாதை இடவோ, பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் திருத்தவோ முடியாதிருந்தது. 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. முரளிதரன் ஓய்வுபெற்று எட்டாண்டு சென்றபின்! முயற்சி போதாது என்று அதுவரை உபதேசித்தவர்கள் இச்சட்டப் பிரிவை ஒருமுறையேனும் வாசித்ததுண்டா?

நிலம் கம்பனிக்குரியது என்பதும் பொருந்தாத கூற்று. கம்பனிகளின் பெருந்தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாக்கப்பட்டன. 1992இல், முரளிதரன் முதல் டெஸ்ட் ஆடிய அதே ஆண்டில், தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் நீண்டகாலக் குத்தகையும் வழங்கப்பட்டது. குத்தகைக்கு வழங்கிய அரசு, தோட்டத்துக்கொரு மைதானத்தைப் பிரித்தெடுக்க முடியாது என்று எந்தச் சட்டநூல் கூறுகிறது?

சமநிலம் இல்லை என்பதற்கு மறுமொழி இன்னும் எளிது. டிக்கோயாவில் தரவளைக் கழகத்தின் மைதானம் இருக்கிறது. நானுஓயாவுக்கு அருகே ராதெல்ல மைதானம் இருக்கிறது. நுவரெலியா நகரின் நடுவே குதிரைப் பந்தயத் திடலும், அதற்கு அயலில் பரந்த கோல்ப் திடலும் இருக்கின்றன. இவையெல்லாம் பிரித்தானியர் தம் மாலைப்பொழுதுகளுக்காக ஏற்படுத்திக்கொண்டவை. அம்மலைகளையும் மேடுபள்ளங்களையும் மண்வெட்டியும் கூடையும் கொண்டு சமப்படுத்தியவர்களின் பெயர்கள் அங்குள்ள எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. ஆனால் அவர்களது பேரப்பிள்ளைகள் இன்னும் அருகிலுள்ள லயங்களில்தான் இருக்கிறார்கள். சரிவில் உருண்டோடும் பந்தை ஒவ்வொரு முறையும் தேயிலைப் புதருக்குள் இறங்கித் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.